படிக்கட்டில் காணாமல் போன முக்கால் அங்குலம்

செங்கத்துக்காரன்:

அப்பா கொத்தனார். பத்தாவது லீவில் அவரோடு சித்தாளாகப் போய் பாண்டு தூக்கினேன். பிறகு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ, சென்னையில் மூன்று வருடம் சைட் சூப்பர்வைசர் வேலை. அதன்பிறகுதான் பி.ஆர்க், அதாவது கட்டடக்கலைப் பட்டப்படிப்பு. அந்தத் திருப்பம் ஒரு படிக்கட்டில் நடந்தது.

தளத்துக்குத் தளம் 10 அடி, ஏறுவதற்கு 20 படி, படிக்கு 6 அங்குலம். வரைபடத்தில் இவ்வளவுதான். நானும் சுவரில் நூல் அடித்து 20 கோட்டையும் சமமாகப் போட்டுவிட்டேன். அந்த வேலைக்கு அப்பாவும் வந்திருந்தார். கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார்:

"தரைக்கு எவ்வளவு கனம் வருது?"

"கலவையும் டைல்ஸும் சேர்த்து ரெண்டு இன்ச்."

"படி மேல?"

"கிரானைட்டோட ஒண்ணேகால்."

"அப்ப அந்த முக்கால் இன்ச் எங்கடா போச்சு?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. கரணை முனையாலேயே சுவரில் கீறிக் காட்டினார். கீழ்த்தரை 2 அங்குலம் ஏறும், முதல் படி 1¼ தான் ஏறும். ஆக, முதல் படி 5¼ ஆகிவிடும். மேலே இதுவே தலைகீழ்; கடைசிப் படி 6¾. நடுவில் எல்லாம் ஆறு. ஆறுக்குப் பழகிய கால் மேலே போனதும் தட்டும், அதுவும் வயசானவர்கள் ஏறுகிற வீடு. கோட்டை அழித்து, முதல் படியை 6¾ ஆகவும் கடைசிப் படியை 5¼ ஆகவும் மாற்றிப் போட்டார். பூச்சு முடிந்ததும் இருபதும் ஆறு ஆறாக நின்றன.

வரைபடத்தில் தப்பு இல்லை. அது வேலை முடிந்த பிறகு இருக்க வேண்டிய அளவு. அதற்கு முந்தின அளவு கொத்தனார் தலைக்குள் இருக்கிறது, தாளில் யாரும் எழுதுவதில்லை. இரண்டையும் எழுதுகிற ஆளாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

டிப்ளமோவில் கணக்குப் பாடம் இருந்ததால் பி.ஆர்க் நுழைவுத் தேர்வான நாட்டா எழுத முடிந்தது. ஐந்து வருடப் படிப்பு. முடித்து கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யாமல் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது, 1972 சட்டம் அப்படி. ரெண்டாம் வருட ஜூரியில், அதாவது நம் வரைபடத்தை மதிப்பிடும் குழுவில், ஒருவர், "நீ இன்னும் சூப்பர்வைசராத்தான் யோசிக்கிற" என்றார். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. எதைக் கட்ட முடியும் என்பதிலிருந்தே ஆரம்பித்தேன். சாயங்கால வெயில் எந்த ஜன்னலில் விழும், பாட்டி எங்கே உட்காருவாள் என்று யோசித்ததே இல்லை. அதைக் கற்றுக்கொடுத்தது கல்லூரிதான்.

வள்ளியூர் பொண்ணு:

எனக்கு நேரெதிர் வழி அண்ணா. முதலில் பி.ஆர்க், அப்புறம்தான் கரணை. திருவனந்தபுரத்தில், குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் பாணியில் ஒரு வீடு. ராட் ட்ராப் (எலிப்பொறி) கட்டு: செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சாதாரண 9 அங்குலச் சுவரைவிடச் சுமார் கால்வாசி செங்கல் மிச்சம். பேக்கர் சைட்டிலேயே நின்று கொத்தனார்களோடு பேசிப் பேசி வடிவமைத்தவர் என்று படித்திருந்தேன். அது ஏன் என்று கட்டும்போதுதான் தெரிந்தது. நான் வைத்த மூன்று வரியிலும் கலவை வெற்றிடத்துக்குள் விழுந்து அடைத்துக்கொண்டது. மார்த்தாண்டத்துக் கொத்தனார் ஒருவர் மெல்லிய பலகைத் துண்டை வெற்றிடத்தின் மேல் வைத்து, "மக்களே, இத மூடிட்டு கலவையப் போடு" என்றார். வயர் பைப் எங்கே இறங்கணும் என்று முன்னாடியே முடிவு செய்யாமல் வரைந்திருந்தேன். அந்தத் தாளைத் திரும்ப வரைய நாலு நாள் ஆனது.

அப்பா இன்னும் வேலைக்குப் போறாரா?

செங்கத்துக்காரன்:

முழங்கால் வலி, சாரம் ஏறுவதில்லை தங்கச்சி. வீட்டில் வரைபடத்தை விரித்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். முதலில் படிக்கட்டைத்தான் தேடுவார். இப்போது அதில் படிக்கு ரெண்டு அளவு எழுதியிருக்கும். விரலை வைத்துக் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பார்.