5 டிபி எக்ஸ்டர்னல் டிரைவ் திடீரென்று ஆமை வேகம்: கேபிளா, டிரைவா?

தல்லாகுளம்_ஸ்டுடியோ:
கல்யாண வீடியோ எடுப்பவன். ஆறு மாதம் முன்பு டவுன்ஹால் ரோட்டில் கையடக்க 5 டிபி டிரைவ் வாங்கினேன். புதிதில் நொடிக்கு 120 எம்பி வேகத்தில் ஏறியது. போன வாரம் பழைய கல்யாணங்களை அழித்துவிட்டு, நேற்று மேலூர் கல்யாணத்தின் இரண்டு கேமரா கார்டுகளையும் ஒரே நேரத்தில் காப்பி போட்டேன். முதல் 30 ஜிபி சரசரவென்று போனது. அப்புறம் 10 எம்பி, சில நேரம் பூஜ்யம். உள்ளே கரகர சத்தம் மட்டும் ஓயவில்லை. பெண் வீட்டார் தினமும் போன் செய்கிறார்கள். டிரைவ் போய்விடுமா? இன்னொன்று, 5 டிபி என்று வாங்கியது 4.54 என்றுதான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

வைகைக்கரை:
கேபிளை மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் 40 எம்பி தாண்டாது.

தல்லாகுளம்_ஸ்டுடியோ:
மாற்றிவிட்டேன் அண்ணே. யுஎஸ்பி 3 தான். அதே கதை.

பழைய_டிஸ்க்:
கேபிள் இல்லை தம்பி. கேபிள் என்றால் முதல் 30 ஜிபியே நொண்டியிருக்கும். டிரைவின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, பெண்டிங் செக்டர், அதாவது கெட்டிருக்கலாம் என்று டிரைவ் சந்தேகிக்கும் இடம், எவ்வளவு என்று சொல்லுங்கள்.

தல்லாகுளம்_ஸ்டுடியோ:
பூஜ்யம். கெட்டுப்போனதால் மாற்றிய இடம் (ரீஅலோகேட்டட்) என்பதும் பூஜ்யம்.

பழைய_டிஸ்க்:
அப்படியானால் இது எஸ்எம்ஆர், அதாவது தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் டிரைவின் குணம். கையடக்க 5 டிபி எல்லாமே அந்த வகைதான்.

ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவுக்குள் சுழலும் தகட்டில் எழுதும் முனை அகலமானது, படிக்கும் முனை ஒடுக்கமானது. படிக்க ஒரு கீற்று போதும் என்பதால், ஒரு தடத்தின் ஓரத்தை அடுத்த தடம் மூடும்படி அடுக்கினார்கள். அதே தகட்டில் கூடுதல் இடம் கிடைத்தது. ஆனால் நடுவில் ஒரு ஓடு மாற்ற, மேலே உள்ள ஓடுகளையும் கழற்றி அடுக்க வேண்டுமே! அழித்த இடத்தில் நீங்கள் திரும்ப எழுதும்போது டிரைவ் அதைத்தான் செய்கிறது. முதலில் வேகமாகப் போனது, தற்காலிகமாக வாங்கி வைக்கும் திண்ணைப் பகுதி. அது நிறைந்ததும் படுத்துவிட்டது. கரகர சத்தம், உள்ளே ஓடு மாற்றும் வேலை.

ஒரு கார்டாகப் போடுங்கள். முடிந்ததும் கழற்றாமல் ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள், தானே ஒதுக்கி வைக்கும். எடிட்டிங்கை எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டு, இதைக் கிடங்காக மட்டும் வையுங்கள்.

4.54 ஏமாற்று இல்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

வைகைக்கரை:
30 டிபி டிரைவ் வந்துவிட்டதாமே, அதுவும் ஓடு அடுக்கியா?

பழைய_டிஸ்க்:
அது வேறு வழி. 2024-இல் சீகேட் கொண்டுவந்தது: எழுதும் புள்ளியை மட்டும் லேசரால் 400 டிகிரிக்கு மேல் கணநேரம் சுட்டு எழுதுகிறார்கள். சூட்டில் காந்தம் இளகும், ஆறினால் இறுகும். அதனால் இன்னும் நுணுக்கி எழுதலாம். 1956-இல் ஐபிஎம்மின் முதல் டிரைவில் 50 தகடுகள், மொத்தமே 5 எம்பி. தம்பி எடுக்கும் ரா போட்டோ ஒன்றுகூட அடங்காது.

வைகைக்கரை:
400 டிகிரியா! நம்ம ஊர் சித்திரை வெயிலே தேவலாம்.

தல்லாகுளம்_ஸ்டுடியோ:
ராத்திரி விட்டு வைத்தேன். காலையில் ஒரு கார்டாகப் போட்டதில் 100 எம்பிக்குக் குறையவில்லை. மேலூர் கல்யாணம் முழுக்க ஏறிவிட்டது.

பழைய_டிஸ்க்:
கார்டை அழித்துவிடாதீர்கள். இன்னொரு காப்பி எங்கே இருக்கிறது?

தல்லாகுளம்_ஸ்டுடியோ:
இன்னும் எங்கேயும் இல்லை அண்ணே. இப்போதே டவுன்ஹால் ரோட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.