குரோம் பவுடர் மூட்டையில் ‘ஆக்சைடு 25%’, என் மகள் இல்லை என்கிறாள்

மேல்விஷாரம் அப்பா:

வணக்கம். தோல் தொழிற்சாலையில், குரோம் பவுடர் போட்டுத் தோலைப் பதனிடும் டிரம் பக்கம் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. மகள் இந்த வருடம் பதினொன்றாவது போயிருக்கிறாள். வேதியியலில் முதல் பாடமே மோல், அணு நிறை என்று வருகிறது, பிள்ளை திணறுகிறாள். நமக்குத் தெரிந்த சரக்கை வைத்துச் சொன்னால் புரியுமே என்று குரோம் பவுடர் மூட்டையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

மூட்டையில் இருப்பது இது: பேசிக் குரோமியம் சல்பேட், 25 கிலோ, குரோமிக் ஆக்சைடு 25%, பேசிசிட்டி (காரத்தன்மை) 33%.

அவள் பார்த்துவிட்டு, “பெயரிலேயே சல்பேட் என்று இருக்கிறது, ஆக்சைடு எப்படி உள்ளே வரும்? தப்பாகப் போட்டிருக்கிறார்கள்” என்கிறாள். கெமிஸ்ட் சாரிடம் கேட்டேன். “அது அப்படித்தான் போடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஆக்சைடு இருக்கிறதா, இல்லையா? சுத்தமான குரோமியம் எத்தனை கிலோ? தனிம அட்டவணையில் குரோமியம் கட்டத்தில் 24 என்றும் 51.996 என்றும் இரண்டு எண் இருக்கிறது. கணக்குக்கு எதை எடுப்பது?

ஆம்பூர் பையன்:

25 கிலோவில் 25 சதவீதம் என்றால் ஆறேகால் கிலோ. மீதி எல்லாம் கலப்படம் அண்ணா. நல்லா ஏமாத்துறாங்க.

பழைய லேப் அம்மா:

தம்பி, அவசரப்படாதே. கலப்படம் இல்லை.

அப்பா, உங்கள் மகள் சொல்வது சரி. மூட்டையில் இருப்பதும் சரி. உள்ளே குரோமிக் ஆக்சைடு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. “இதில் இருக்கும் குரோமியம் முழுவதையும் ஆக்சைடாக மாற்றினால் இவ்வளவு எடை வரும்” என்று சொல்லும் எண் அது. அந்தக் காலத்தில் கரைசலில் அம்மோனியா விட்டுக் குரோமியத்தை வீழ்படிவாக்கி, வடிகட்டி, மூசையில் போட்டுச் சிவக்கச் சுடுவார்கள். கடைசியில் மிஞ்சும் பச்சைத் தூள் ஆக்சைடு. தராசில் நின்றது அதுதான், அதனால் அதையே எழுதினார்கள். சுடுவது போய்விட்டது, எழுதும் வழக்கம் மட்டும் போகவில்லை.

குரோமியம் எத்தனை கிலோ என்பதற்கு 51.996-ஐ எடுங்கள், 52 என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக்சைடில் குரோமியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. 104-உம் 48-உம் சேர்ந்து 152. ஆக, 152 கிலோ ஆக்சைடில் 104 கிலோ குரோமியம். உங்கள் மூட்டையின் 6.25 கிலோவுக்குச் சுமார் 4.28 கிலோ வரும். மீதியில் சல்பேட்டும், தயாரிக்கும்போதே கூட வரும் சோடியம் சல்பேட்டும், கொஞ்சம் ஈரமும் இருக்கும்.

மோல் எங்கே வருகிறது? 4,280 கிராமை 52-ஆல் வகுத்தால் 82 மோல். ஒரு மோல் என்றால் 602 கோடி கோடி கோடி அணு. கோடியை மூன்று முறை பெருக்குவது அச்சுப்பிழை இல்லை. அதை எண்ண யாராலும் ஆகாது, அதனால்தான் நிறுத்துப் பார்த்து எண்ணுகிறோம். சில்லறை நாணயத்தை மூட்டையாக நிறுத்து இவ்வளவு என்று சொல்வதில்லையா, அதே வேலை. 2019 மே 20 முதல் அந்த எண்ணையே உலகம் முழுக்க நிலையாக வரையறுத்துவிட்டார்கள்.

24-க்கு வருவோம். அது எடை இல்லை, ஆள் அடையாளம். அணுவின் நடுவில் 24 புரோட்டான் இருந்தால் அது குரோமியம், 25 ஆனால் மாங்கனீசு. நீங்கள் டிரம்மில் கொட்டும் பச்சைத் தூளிலும், குரோமில் பதனிட்ட ஈரத் தோலான வெட் ப்ளூவின் நீலத்திலும், ஆரஞ்சு நிற டைகுரோமேட்டிலும் அதே 24 தான். மாறுவது ஆக்சிஜனேற்ற எண் மட்டும், அதாவது அணு எத்தனை எலக்ட்ரானை விட்டுக்கொடுத்திருக்கிறது என்ற கணக்கு. உங்கள் தோலில் மூன்று, டைகுரோமேட்டில் ஆறு. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து மஞ்சளாக நீர் கசிகிறதே, பயம் அந்த ‘6’ என்ற எண்ணைப் பார்த்துத்தான், அது நஞ்சு. ஒரே ஆள், சகவாசம் வேறு.

இன்னொன்று, அடக்க முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். நான் இருந்த லேபில் சுவரில் 0.002533 என்று ஒரு எண் ஒட்டியிருக்கும். குரோமியத்தை முதலில் ஆறுக்கு ஏற்றிவிட்டு, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து தயோ (சோடியம் தயோசல்பேட்) கரைசலை விட்டு அளப்போம்; போன 0.1 நார்மல் தயோ ஒவ்வொரு மில்லிக்கும் அத்தனை கிராம் ஆக்சைடு. நாலு வருடம் அதால் பெருக்கிக்கொண்டே இருந்தேன், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு நாள் மின்சாரம் போய், கால்குலேட்டரும் செத்து, சும்மா உட்கார்ந்திருந்தபோது 152-ஐ 6-ஆல் வகுத்துப் பார்த்தேன். 25.33! ஆக்சைடில் இரண்டு குரோமியம், ஒவ்வொன்றும் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்க மூன்று எலக்ட்ரான். இரு மூன்று ஆறு. அட்டவணையில் இருப்பதுதான் எங்கள் சுவரிலும் இருந்திருக்கிறது.

கலவை விவசாயி:

இன்னா கணக்குப்பா இது, எங்கள் உர மூட்டையிலும் இதே கதைதான். டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) 18-46 என்கிறான். அந்த 46 பாஸ்பரஸ் பென்டாக்சைடு. உள்ளே அப்படி எதுவும் இல்லை, இருப்பது பாஸ்பேட். வேளாண் அலுவலர் ஒருவர் சொல்லித்தான் தெரியும்: அந்த பென்டாக்சைடு 142 பங்கில் 62 பங்குதான் பாஸ்பரஸ். கணக்குப் போட்டால் 50 கிலோ மூட்டைக்குப் பத்து கிலோ வருகிறது. மூட்டையில் பெரிய எண் போட்டால்தான் கண்ணுக்கு அழகு போலிருக்கிறது.

மேல்விஷாரம் அப்பா:

மகளிடம் படித்துக் காட்டினேன். சில்லறை மூட்டையில் பிடித்துக்கொண்டாள். “அப்பா, அந்தம்மா ஏன் 4.28 என்று நிறுத்திவிட்டார்? கால்குலேட்டரில் 4.276315 என்று போகிறதே” என்கிறாள்.

பழைய லேப் அம்மா:

கெட்டிக்காரி. மூட்டையில் ‘25’ என்று இரண்டு இலக்கம் கொடுத்தவனிடம் ஏழு இலக்கம் வாங்க முடியாது. நியாயமாக நானே 4.3 என்று சொல்லியிருக்க வேண்டும். புத்தகத்தில் இதை முக்கிய எண்ணுருக்கள் என்று போட்டிருக்கும், பிள்ளைகள் விதியாக மனப்பாடம் செய்வார்கள். எனக்கு அது ஒரு லாரி.

5 கிராம் பவுடரை 500 மில்லியாகக் கரைத்து, 10 மில்லி எடுத்துச் சோதிப்போம். சரக்கு 25% என்றால் பியூரெட்டில் 9.87 மில்லி போகும். அன்று 9.82 போனது. ரிப்போர்ட் 24.87%. இருபத்தைந்துக்குக் குறைவு என்று லாரியைத் திருப்பிவிட்டார்கள். அந்த 0.05 மில்லி எவ்வளவு தெரியுமா? பியூரெட் முனையில் தொங்கும் ஒரு சொட்டு. ஸ்டார்ச் நீலம் போய் வெளிர்பச்சை வருவதைக் கண்ணால் பார்த்துக் குழாயை மூடுகிறோம், அதில் ஒரு சொட்டு இப்படியும் போகும் அப்படியும் போகும். அது மே மாதம் வேறு. குடுவையில் அதன் அளவு சரியாக இருக்கும் சூடு 20 டிகிரி என்று அச்சிட்டிருக்கும், எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 38. அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் 5 மில்லிக்கு உப்பியிருக்கும். 25 என்று எழுதிக் கொடுத்திருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இரண்டு தசமம் போட்டால் கெட்டிக்காரி என்பார்கள் என்று நான்தான் எழுதினேன்.

மகளுக்கு ஒரு வீட்டுக் கணக்கு. குரோமியம் அணுக்கள் எல்லாம் ஒரே எடை இல்லை. நூற்றில் 83.8 பேர் 52, 9.5 பேர் 53, 4.3 பேர் 50, 2.4 பேர் 54. சராசரி போடச் சொல்லுங்கள்.

மேல்விஷாரம் அப்பா:

போட்டாள். 52.06 வருகிறது, 51.996 வரவில்லை. மூன்று முறை போட்டுவிட்டாள். உங்கள் கணக்கு தப்பா என்று கேட்கிறாள்.

பழைய லேப் அம்மா:

கணக்கு சரிதான், 52 என்பதுதான் முழு உண்மை இல்லை. அது உள்ளே இருக்கும் புரோட்டானையும் நியூட்ரானையும் எண்ணிச் சொன்னது. நிறுத்துப் பார்த்தால் அந்த அணு 51.94 தான். ஒன்றோடு ஒன்று ஒட்டும்போது கொஞ்சம் எடை ஆற்றலாக வெளியே போய்விட்டது. அது பன்னிரண்டாவது இயற்பியலில் வரும்.