சோலைப் பாதையைச் சரிசெய்ய ஆளும் யோசனையும் வேண்டும்

கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பாருங்கள். பாம்பார் சோலை என்ற மலைக்காட்டின் ஓரமாகப் போகும் நடைபாதையைச் சரிசெய்ய வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வேலை வைத்திருக்கிறோம், வனத்துறையிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது.

மழைத் தண்ணீர் பாதையையே ஓடையாக்கி மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. சேற்றுக்குப் பயந்து ஆட்கள் ஓரமாக ஏறி நடக்க, பாதை அகலமாகிக்கொண்டே போய், அங்கே முளைத்து வரும் சோலைக் கன்றுகள் எல்லாம் மிதிபடுகின்றன. சோலை மரம் ரொம்ப மெதுவாக வளரும், ஒரு கன்று போனால் சும்மா விட்டுவிட முடியாது.

அதனால் பாதைக்குக் குறுக்கே, கொஞ்சம் சாய்வாகத் தடுப்பு வைத்து, தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்பிவிடப் பார்க்கிறோம். இதில்தான் சந்தேகம்: வெட்டிப் போட்ட சீகை (வாட்டில்) மரக்கட்டை கைவசம் இருக்கிறது, ஆனால் இந்த ஈரத்துக்கு எத்தனை நாள் தாங்கும்? கல் பதிப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது. சிமெண்ட் இல்லாமல் கல் அடுக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கட்டாயம் வாருங்கள்.

மண்வெட்டி, கடப்பாரை இருந்தால் எடுத்து வாருங்கள். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க நீளமான சாக்ஸும் உப்பும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். வெளியூர் வண்டி என்றால் கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு, வருகிறவர்கள் வெள்ளிக்குள் கீழே சொல்லிவிடுங்கள்.