மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது, போடாவிட்டால் வலி தாங்கவில்லை

செம்பூர்க்காரி:
போன மாதம் மாதவிடாயின் முதல் நாள், தாதரில் ரயில் மாறும்போது பாலத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலையில் ஒரு டீயோடு மெஃபனமிக் ஆசிட் மாத்திரை போட்டிருந்தேன். வலி அடங்கியது, ஆனால் அந்தேரி போய்ச் சேர்வதற்குள் நெஞ்செரிச்சல், குமட்டல். லேடீஸ் டப்பாவில் ஒரு அக்கா பிளாஸ்டிக் பை நீட்டினார். ஏற்கெனவே எனக்கு கேஸ்ட்ரிக். ஒரு வடா பாவ் தின்றாலே இரண்டு நாள் அவஸ்தை. யாருக்காவது இப்படி உண்டா?

மாட்டுங்கா மாமி:
வெறும் வயிற்றிலா போட்டாய்? நல்ல பெண்! கருப்பையை முறுக்கி வலியைக் கிளப்புவது புரோஸ்டாகிளாண்டின் என்று உடம்பே சுரக்கும் ஒரு ரசாயனம். அந்த மாத்திரை அதை அடக்குகிறது. சங்கடம் என்னவென்றால், இரைப்பையின் உள்தோலைக் காப்பதும் அதே வகைச் சரக்குதான். ஐபுபுரூஃபெனும் இதே ஜாதி. என் பெண்ணுக்கு டாக்டர் பாராசிட்டமாலுக்கு மாற்றினார். வயிற்றைச் சீண்டவில்லை, ஆனால் வலிக்கு அவ்வளவு வேகம் இல்லை. மீதியை வெந்நீர்ப் பை பார்த்துக்கொள்கிறது. துண்டில் சுற்றி அடிவயிற்றில் 20 நிமிடம். அவசரத்தில் வெறும் தோலில் வைத்துக் கொப்புளம் போட்டுக்கொண்டதும் நடந்திருக்கிறது. சுக்குக் காப்பி குடி என்று எல்லோரும் சொல்வார்கள். தாராவி 90 அடி ரோட்டில் நல்ல சுக்கு கிடைக்கும்தான், ஆனால் எரிச்சல்காரிக்கு அதுவே எரியும். அரை டம்ளரில் ஆரம்பித்துப் பார்.

முலுண்ட் வாசி:
மாமி சொன்னதோடு ஒன்று. 2023 கடைசியில் மெஃபனமிக் ஆசிட் பற்றி அரசின் மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தது. அரிதுதான், ஆனால் மாத்திரை போட்ட பிறகு காய்ச்சலோடு தோல் தடித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. மலம் கறுப்பாகப் போனாலும் அப்படியே. இன்னொன்று, வலி வருஷா வருஷம் கூடுகிறதா? எனக்குக் கூடியது. "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று சொல்லியே வீட்டில் காலத்தை ஓட்டினார்கள். கடைசியில் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்.

செம்பூர்க்காரி:
மாமி, இந்தத் தடவை முதலில் இரண்டு இட்லி, சட்னி கிடையாது, அப்புறம் பாராசிட்டமால். முனகல் இருந்தது, வாந்தி இல்லை. முலுண்ட் அக்கா, எனக்கும் கூடிக்கொண்டுதான் வருகிறது. சனிக்கிழமை மகப்பேறு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.