ராபின்கள் பெருகிய கதை: உங்களுக்கு எந்த இதழில் தலை சுற்றியது?

நிழல்வாசி

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் நாயகர்களுக்குத் துணையாக வரும் சிறுவர் பட்டாளம் எந்தக் கட்டத்தில் உங்களுக்குத் தாங்காமல் போனது? அவரவர் படித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்.

எனக்கு அது 2011. டிசி பதிப்பகம் தன் உலகத்தையே கலைத்துவிட்டு எல்லாத் தொடர்களையும் முதல் எண்ணிலிருந்து தொடங்கிய ஆண்டு. நாயகர்கள் வெளியுலகுக்குத் தெரிந்து ஐந்தாண்டுதான் ஆகிறது என்றார்கள். சரி, புதிதாகத்தான் இருக்கட்டுமே என்று பேட்மேனைத் திறந்தால், பேட்மேனின் துணைச் சிறுவனுக்கு ராபின் என்று பெயர்; முதல் ராபின் டிக் கிரேசன் வளர்ந்து நைட்விங் என்ற தனி நாயகன் ஆகிவிட்டான். இரண்டாம் ராபின் ஜேசன் டாட் செத்துப் பிழைத்து வந்து துப்பாக்கியோடு திரிகிறான். மூன்றாமவன் டிம் டிரேக்கும் தனி வழி போய்விட்டான். அதற்கும் பிறகு பத்து வயது டேமியன், பேட்மேனின் சொந்த மகன், ராபின் உடையில் நிற்கிறான். ஐந்தாண்டுக்குள் எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டு, பழக்கி, அதில் ஒருவனைப் புதைக்கவும் செய்வது? பேட்மேன் தூங்குவதே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு இடித்தது.

இடித்த கணக்கைச் சரிக்கட்ட 2012இல் இன்னொன்று செய்தார்கள். டிம் ராபின் என்ற பெயரை எடுத்ததே இல்லையாம், தொடக்கத்திலிருந்தே அவன் ரெட் ராபின்தானாம். 1989 முதல் அந்தப் பையனைத் தொடர்ந்து படித்தவர்களிடம் சொல்கிற பேச்சா இது?

பழையபெட்டி

கணக்கு இடிப்பதற்குக் காரணம் எளிது. பையன் வளர்கிறான், ஆசான் வளர்வதில்லை. ஆசானுக்கு வயதானால் ஓய்வு கொடுத்துவிட்டுப் பையனை அவர் இடத்தில் உட்கார வைக்கலாம். பதிப்பகம் அதற்கு ஒப்பாது. ஆகவே ஒவ்வொரு பையனுக்கும் புதுப் பெயரோ, ஒரு குழுவோ, ஒரு சவப்பெட்டியோ தேட வேண்டியிருக்கிறது.

1940இல் முதல் ராபின் வந்தபோது இந்தத் தொல்லை இல்லை. பேட்மேன் தனியாகப் பேசிக்கொண்டே போகாமல் இருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, வந்தான். விற்பனை ஏறியதும் மற்றவர்களும் ஆளுக்கொரு பையனைப் பிடித்து வந்தார்கள். ஹியூமன் டார்ச்சுக்கு டோரோ, கேப்டன் அமெரிக்காவுக்கு பக்கி, கிரீன் ஆரோவுக்கு ஸ்பீடி. 1941 முடிவதற்குள் இத்தனை பேர். அன்றைக்கு யாருக்கும் வயதாகவில்லை, அதனால் யாரையும் எங்கேயும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அலுத்த இடம் 1950களின் பிற்பாதியிலும் 1960களின் தொடக்கத்திலும் வந்த பேட்மேன் கதைகள். மறுபதிப்புத் தொகுப்பு ஒன்றில் மொத்தமாகப் படித்தேன். ஏஸ் என்ற நாய், பேட்வுமன், பேட்-மைட் என்ற குட்டிச்சாத்தான், பிறகு பேட்-கேர்ள் என்று ஒவ்வொன்றாக வந்து குகையை நிரப்பிவிட்டார்கள். 1964இல் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் ஆசிரியர் பொறுப்புக்கு வந்ததும் இந்தக் கூட்டம் மறைந்தது. ஈமச்சடங்கு இல்லை, விடைபெறும் காட்சி இல்லை. அடுத்த இதழில் ஆளைக் காணோம், அவ்வளவுதான். பின்னாளில் வந்த கொலைகளைப் பார்க்கும்போது அது எவ்வளவோ நாகரிகமான வழி.

வேகரசிகை

ஆசான் இடத்தில் பையனை உட்கார வைக்க ஒப்பாது என்றீர்கள். ஒருமுறை ஒப்பியது ஐயா. வாலி வெஸ்ட்!

1959இல், மின்னல் வேக நாயகன் ஃபிளாஷின் துணையான கிட் ஃபிளாஷாக வந்தவன். 1985இல் ஆசான் பேரி ஆலன் உயிர்விட்ட பிறகு ஃபிளாஷ் என்ற பெயரையே எடுத்துக்கொண்டான். நான் ஃபிளாஷ் படிக்கத் தொடங்கியபோது எனக்குத் தெரிந்த ஃபிளாஷ் வாலிதான். கல்யாணம், குழந்தைகள், ஆசானின் நிழலில் நிற்கிற தாழ்வுமனப்பான்மை, அதிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வருவது என எல்லாம் அவன் கதையில் உண்டு. ஒரு சைட்கிக், அதாவது துணைச் சிறுவன், பெரியவனாவதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன வேறு தொடரை நான் படித்ததில்லை.

2008இல் பேரி திரும்பி வந்தார். நீங்கள் சொல்கிற 2011 மாற்றத்தில் வாலி சுவடில்லாமல் போனான். 2014இல் அதே பெயரில் வேறொரு பையனைக் கொண்டுவந்தார்கள். 2016இல் பழைய வாலியும் திரும்பினான். இருவரும் உறவினர்கள், குடும்பத்து மூத்தவர் ஒருவரின் பெயர் இருவருக்கும் வைக்கப்பட்டது என்று ஒட்டுப்போட்டார்கள். ஒட்டு அசட்டுத்தனமானதுதான். ஆனால் அவன் திரும்பி வரும் இதழை மறக்க முடியாது. தன்னை நினைவில் வைத்திருக்கும் ஒருவராவது கிடைப்பாரா என்று ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்கிறான். மனைவியாக இருந்த லிண்டாவுக்குக்கூட அடையாளம் தெரியவில்லை. கடைசியில் பேரி அவன் பெயரைச் சொல்லும் பக்கத்தில் நான் அழுதுவிட்டேன்.

அப்படிக் கூட்டிவந்தவனைத்தான் இரண்டு மூன்று ஆண்டுக்குள் சக நாயகர்களின் சாவுக்குக் காரணமானவன் ஆக்கினார்கள். அதற்குமேல் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நேர்க்கோடு

ஜேசன் டாட் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். நானே எழுதிவிடுகிறேன்.

1988. ஜேசன் பிழைக்கட்டுமா சாகட்டுமா என்று வாசகர்களிடமே வாக்குக் கேட்டார்கள். பிழைக்கட்டும் என்பதற்கு ஒரு தொலைபேசி எண், சாகட்டும் என்பதற்கு இன்னொன்று. ஓர் அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்றவை 5,343, பிழைக்கட்டும் என்றவை 5,271. வித்தியாசம் வெறும் 72.

தொகுப்பாகப் படித்தபோது முடிவு எனக்கு முன்பே தெரியும். இருந்தும் உறுத்தியது வேறு. 1983இல் வந்த ஜேசன், டிக்கின் அச்சு நகல்: இவனும் சர்க்கஸ் குடும்பம், இவனும் அனாதை. 1987இல் அதை அழித்துவிட்டு, பேட்மேனின் காரான பேட்மொபீலின் டயரைத் திருடும் தெருப்பையனாக மாற்றி எழுதினார்கள். முரட்டுப் பையனாக எழுதியவர்களும் அவர்களே, முரட்டுப் பையனை வைத்துக்கொள்ளலாமா என்று வாக்கெடுத்தவர்களும் அவர்களே. கொன்றதால் இடமாவது மிச்சமானதா? மறு ஆண்டே டிம் வந்துவிட்டான். 2005இல் ஜேசனும் திரும்பினான். ஒருவன் இருந்த இடத்தில் இருவர்.

ஊதாமேலங்கி

ஜேசனுக்காவது குகையில் கண்ணாடிப் பெட்டிக்குள் உடையை மாட்டி வைத்தார்கள். ஸ்டெஃபனி பிரௌனுக்கு?

1992இல் ஸ்பாய்லர் என்ற பெயரில் வந்தவள். சில்லறை வில்லன் ஒருவனின் மகள். அப்பாவைப் பிடித்துக்கொடுக்கத்தான் முகமூடியே போட்டாள். யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை, தானாக வந்தாள். 2004இல் ராபின் ஆக்கினார்கள். நான் துள்ளிக் குதித்தேன். சில இதழ்கள்தான். சொன்ன சொல்லைக் கேட்கவில்லை என்று பேட்மேன் நீக்கிவிட்டார். அதே ஆண்டு சித்திரவதைப்பட்டுச் செத்தாள். அவளுக்கும் ஒரு நினைவுப் பெட்டி வையுங்கள் என்று வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். வைக்கவில்லை.

அடுத்து வந்த விளக்கம் இன்னும் மோசம். பேட்மேனுக்குப் பாடம் புகட்டுவதற்காக மருத்துவர் லெஸ்லி தாம்ப்கின்ஸ் அவளை வேண்டுமென்றே சாக விட்டாராம். கருணைக்கே பெயர்போன ஒரு பாத்திரத்தையும் சேர்த்துப் பாழாக்கினார்கள். 2008இல் அதையும் மாற்றி, சாவே நாடகம் என்று அவளைக் கூட்டிவந்தார்கள். 2009இல் பேட்கேர்ள் ஆனாள், அந்தத் தொடர் அருமை. 2011இல் மறுபடி காணாமல் போனாள், திரும்பி வர 2014 ஆயிற்று.

கூட்டம் அதிகம் என்று புலம்புகிறீர்களே, கூட்டத்தைக் குறைக்கும்போதெல்லாம் முதலில் வெளியே போவது யார் என்று பாருங்கள்.

சிலந்திவலை

டிசியின் போட்டிப் பதிப்பகமான மார்வெல் இந்தத் தலைவலியைத் தொடக்கத்திலேயே தவிர்த்தது. ஸ்டான் லீக்குச் சிறுவர் துணை என்பதே பிடிக்காது. 1962இல் பையனையே ஸ்பைடர்-மேன் என்ற நாயகன் ஆக்கிவிட்டார். பக்கி போரிலேயே இறந்துவிட்டான் என்று 1964இல் கதையை முடித்தார்கள்.

நேர்க்கோடு

அந்த பக்கியும் 2005இல் விண்டர் சோல்ஜராக எழுந்து வந்துவிட்டானே! தவிர இப்போது மார்வெலில் பெயரே இரட்டிக்கிறது. பீட்டரும் ஸ்பைடர்-மேன், மைல்ஸும் ஸ்பைடர்-மேன்.

பழையபெட்டி

ஊதாமேலங்கி சொன்னதை மறுக்க மாட்டேன். பெண்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தக் கதிதான். 1965இல் சைட்கிக்குகள் சேர்ந்த டீன் டைட்டன்ஸ் குழுவில் வொண்டர் கேர்ளைச் சேர்த்தார்கள். வொண்டர் கேர்ள் என்பவள் சிறுவயதுக் கதைகளில் வந்த வொண்டர் வுமனேதான். தனி ஆளே கிடையாது! ஆள் இல்லாதவளைக் குழுவில் சேர்த்துவிட்டு, அவள் யார் என்று விளக்க 1969 வரை எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கத்தையும் பிறகு பலமுறை மாற்றினார்கள்.

நிழல்வாசி

எல்லாரும் கடுப்பில் இருக்கிறீர்கள். பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் அசல் பேட்மேனான புரூஸ் இல்லாதபோது டிக் பேட்மேன், டேமியன் ராபின். பேட்மேன் சிரிக்கிறார், ராபின் முறைக்கிறான். முதல் சைட்கிக் ஆசானாகி, தனக்குக் கிடைத்த வளர்ப்பைவிட இதமாக அடுத்தவனை வளர்க்கிறான். நான்கைந்து பேர் இருந்ததால்தான் அந்தக் கதையை எழுத முடிந்தது. 2011இல் புரூஸுக்கே பேட்மேன் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஊதாமேலங்கி

அதைப் படித்திருக்கிறேன், நல்ல கதைதான். கையோடு ஸ்டெஃபனியின் பேட்கேர்ளையும் படியுங்கள். அதே காலம், அதே டேமியன் வந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான்.