புதுப்பிப்பு: அண்டர்பெர்க் வீட்டுக் குழாய்களும் பனியும்

தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில், அண்டர்பெர்க் போன்ற ஊர்களின் வீடுகளில் குழாய்களுக்கு நுரை உறை போடுவது பற்றிய என் முந்தைய பதிவுக்குத் தொடர்ச்சி இது. "உறை போட்டாயிற்று, பூட்டிவிட்டு டர்பன் திரும்பலாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. உறை, வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஆளில்லாத வீட்டில் தண்ணீரை வடித்துவிடுவதே பாதுகாப்பு.

முதலில் டிபி போர்டில் (வீட்டின் மின்சுவிட்ச் பெட்டி) கீசரை அணையுங்கள்; தண்ணீர் இறங்கிய பின்னும் மின்சாரம் இருந்தால் உள்ளே சூடாக்கும் எலிமெண்ட் கருகிவிடும். நீர் ஆறியதும் மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் (டேப்) திறந்து, கீசரை அதன் வடிகால் வால்வு வழியாகக் காலி செய்யுங்கள். வீட்டிலேயே தாழ்வான குழாயில் மிச்சம் வடியட்டும். திறந்தவை திறந்தே இருக்கட்டும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9% விரியும். பனிக்கட்டிக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே சிக்கிய நீரின் அழுத்தம்தான் பெரும்பாலும் செம்புக் குழாயைப் பிளக்கிறது.

இங்கே வெயில் வடக்குப் பக்கம். அதனால் தெற்குச் சுவர்க் குழாயில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

சோலார் கீசரில் நேரடி வகை வேண்டாம். வெயில் படும் தகட்டுக்குள் குடிநீரே ஓடுவதால் ஒரே உறைபனி இரவில் வெடிக்கலாம். தகட்டுக்குள் கிளைகால் (எளிதில் உறையவிடாத திரவம்) கலந்த நீர் தனியாக ஓடும் மறைமுக வகை வாங்குங்கள், விலை கூடினாலும்.

ஆகஸ்டோடு குளிர்காலம் முடிந்ததென்று உறையைக் கழற்றாதீர்கள். வான் ரீனன் கணவாயில் டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலை பனியில் அடைபட்டது 2024 செப்டம்பர் 20 வாக்கில்.