உப்புவெளியில் ஊதா ரோஜா: நிறம் ஏன் வெளிறுகிறது, எந்தக் கன்றை வாங்குவது?

கடலோரக் கன்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில், கடலிலிருந்து ஏறத்தாழ 300 யார் தூரத்தில் எமது வீடு இருக்கிறது. கடந்த பங்குனியில், மலைநாட்டிலிருந்து பூங்கன்றுகள் ஏற்றிவந்த லொறியொன்றில், ஊதா ரோஜா என்று சொல்லி விற்ற ஒட்டுக்கன்று ஒன்றை வாங்கினேன். அப்போது அதில் விரிந்திருந்த இரண்டு பூக்களும் அசல் கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்துக்காகவே கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். வீட்டின் முன்புறத்தில், மேற்கு வெயில் படும் மதிலோரம், மணலைத் தோண்டி மாட்டெரு கலந்து நட்டு, கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றி வருகிறேன்.

சித்திரையில் வந்த பூ இளஞ்சிவப்பாக இருந்தது. ஆனியில் வந்தவை காலையில் சற்று நிறம் காட்டிவிட்டு, மத்தியானத்துக்குள் பலமுறை தோய்த்த துணிபோல வெளிறி, ஓரமும் கருகிப் போயின. இலைகளின் நுனி பழுப்பாகிறது. இளந்தளிர்களில் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிகின்றன.

விற்றவர் சாயம் ஏற்றிய கன்றைத் தந்து ஏமாற்றிவிட்டாரா? வேரடியில் படிகாரமும் துருப்பிடித்த ஆணியும் புதைத்தால் நிறம் திரும்பும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார், அது சரிதானா? இணையத்தில் நீல ரோஜா விதை என்று விளம்பரம் வருகிறதே, அதை நம்பலாமா? எமது ஊர் வெப்பத்துக்குத் தாங்கும் ஊதா ரோஜா எது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உவர்மலைவாசி எழுதியது:

சகோதரி, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் வாங்கியது ஊதா ரோஜாதான். அந்த இரண்டு பூக்களின் நிறம் மலைநாட்டிலேயே, மொட்டுக்குள் இருந்தபோதே உருவாகிவிட்டது. சித்திரைப் பூவின் நிறத்தை உருவாக்கியது உப்புவெளி வெயில். ரோஜாவின் சிவப்பு, ஊதா நிறங்களுக்குக் காரணமான அந்தோசயனின் என்ற நிறப்பொருள் குளிர்ச்சியில் நன்றாகச் சேர்கிறது, கடும் வெப்பத்தில் குறைகிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டியிருக்கிறது. எமது ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் பகல் உச்சம் 34, 35 பாகையைத் தொடுகிறது. அங்கே பத்துப் பங்கு சாயம் ஏறிய மொட்டில் இங்கே நான்கு பங்கு ஏறினால், விரிந்த பின் வெயில் வெளுக்க என்ன மிச்சம் இருக்கும்?

படிகார வைத்தியம் ஹைட்ராஞ்சியா என்ற பூச்செடியைப் பார்த்து வந்த கதை. ஹைட்ராஞ்சியாப் பூவில் டெல்ஃபினிடின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. படிகாரத்திலும் உள்ள அலுமினியம், புளிப்பு மண்ணில் கரைந்து வேர்வழியாக ஏறி அதனோடு சேரும்போது பூ நீலமாகிறது. ரோஜாவில் டெல்ஃபினிடின் இல்லை; அதை உண்டாக்கும் நொதியமும் இல்லை. ஊதா ரோஜாக்களின் நிறமெல்லாம் பெரும்பாலும் சயனிடின் என்ற சிவப்புச் சார்ந்த நிறப்பொருள், இதழ்க் கலங்களிலுள்ள வேறு பொருள்களோடு கூடி, கலச்சாற்றின் புளிப்புக் குறைவுக்கேற்ப நீலச் சாயல் கொள்வதால் வருபவை. ஜப்பானின் சன்டோரி நிறுவனமும் அவுஸ்திரேலியாவின் ஃபுளோரிஜீன் நிறுவனமும் சேர்ந்து, பான்சிப் பூவின் மரபணுவை ரோஜாவுக்குள் புகுத்தி, 2009ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த பூவே கண்ணுக்கு நீலமாக இல்லாமல் கத்தரிப்பூ நிறமாகத்தான் தெரிகிறது என்றால், ஆணி புதைத்து நாம் எதைச் சாதிக்கப் போகிறோம்? மாமியின் மனம் நோகாமல், படிகாரத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விதை விளம்பரத்தில் வரும் நீலம் கணினியில் தீட்டிய நீலம். உண்மையான ரோஜா விதையே வந்தாலும், கலப்பினத்தின் விதை தாய்ப் பூவின் நிறத்தைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது; அதனால்தான் ரோஜாவை ஒட்டியும் பதியம் வைத்தும் பெருக்குகிறார்கள்.

இனத்தைப் பற்றி. கத்தரிப்பூ நிறப் பெரும்பூ ரோஜாக்களின் முன்னோடி 1957இல் வெளிவந்த ஸ்டெர்லிங் சில்வர். மணமும் நிறமும் அருமை, ஆனால் செடி நோஞ்சான், அதன் வழிவந்த பலவற்றுக்கும் அந்த நோஞ்சான் குணம் உண்டு. ஜெர்மனியில் ரோஜா இனவிருத்தியாளர் தந்தாவ் 1964இல் தந்த புளூ மூன் மணத்தில் மன்னன், முள்ளும் குறைவு. ஆயினும் அதன் வெளிர்நிறம் எமது வெயிலில் நிற்காது. எனது கருத்தில், கடலோர வெப்பத்தில் வாழ்பவர்கள் கத்தரிப்பூ நிறத்தை விட்டு, நாவல்பழ நிறத்தைத் தேட வேண்டும். இன்ட்ரீக், எப் டைட், ராப்சடி இன் புளூ போன்றவை அவ்வகை. அடர்ந்த நிறம் பாதி வெளிறினாலும் ஊதாவாகவே எஞ்சும். வெளிர்நிறம் பாதி வெளிறினால் வெறும் வெள்ளை.

பெயர்ச்சீட்டோடு கன்று விற்பவர்கள் இங்கே அரிது. அநேகமாக "ஊதா" என்ற ஒரே பெயர்தான் சொல்வார்கள். ஆகையால் கண்ணை நம்புங்கள். மொட்டையும் புதுப்பூவையும் பார்த்து மயங்காமல், அதே கன்றில் இரண்டு மூன்று நாள் வயதான பூ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அந்தப் பழைய பூவின் நிறம் பிடித்தால் வாங்குங்கள். இந்தியா போய்வரும் உறவினர்களிடம் தண்டு கொண்டுவரச் சொல்ல வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரமும் நோயற்ற சான்றிதழும் இல்லாமல் பயிர்க்கன்று கொண்டுவருவது குற்றம்.

தம்பலகாமத்தான் எழுதியது:

மேலே சொன்னவற்றில் ஒன்றைத் தவிர யாவும் ஏற்கத்தக்கவை. வெளிர்நிறத்தை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை, பருவத்தை ஒதுக்கினால் போதும் என்பது எனது அனுபவம். தை மாதத்தில் எமது பகுதியின் பகல் உச்சம் 28 பாகை அளவில்தான் இருக்கும். அப்போது விரியும் பூவுக்கு அதன் உண்மை நிறம் பெருமளவு கிடைத்துவிடுகிறது. கவாத்துச் செய்த நாளிலிருந்து பூ விரிய ஆறு முதல் எட்டு வாரம் செல்லும் என்பதால், கார்த்திகை (நவம்பர்) முடிவில் வெட்டினால் தைப்பொங்கலை ஒட்டிப் பூக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மொட்டுகளை நான் கிள்ளிவிடுகிறேன். முதலாம் ஆண்டு கிள்ள மனம் வரவில்லை, செடி இளைத்துப் போயிற்று. இப்போது மனம் பழகிவிட்டது.

மழைக்காலத்தில் கரும்புள்ளி நோயைக் கவனிக்க வேண்டும். இலை தொடர்ந்து ஏழு மணித்தியாலம் ஈரமாக இருந்தாலே அந்தப் பூஞ்சணத்தின் வித்திகள் முளைத்துவிடும்; எனவே மாலையில் இலைமேல் நீர் தெளிக்காதீர்கள், விழுந்த இலைகளைக் கூட்டி எரித்துவிடுங்கள். கச்சானில் இதற்கு நேர்மாறு: வறட்சியில் சிற்றுண்ணி இலையின் அடிப்புறத்தில் வலை பின்னும். அப்போது காலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி நீரை விசையாக அடிப்பதே முதல் மருந்து.

பழைய போதனாசிரியர் எழுதியது:

நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நான் கவலைப்படுவது செடியின் உயிரைப் பற்றி. இலை நுனி பழுப்பாவது உப்பின் அடையாளம். ரோஜா உப்பை மிகக் குறைவாகவே தாங்கும். கடலுக்கு அவ்வளவு அருகில், மழையில்லா மாதங்களில் கிணற்று நீரில் உப்பு ஏறுவது இயல்பு, நாள்தோறும் ஊற்றும்போது நீர் ஆவியாகி உப்பு மட்டும் வேரடியில் தங்குகிறது. நாக்கில் கரிக்காத நீரும் ரோஜாவுக்குக் கூடாததாக இருக்கலாம். நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள், மீற்றருக்கு 0.7 டெசிசீமென்சுக்குக் கீழே இருந்தால் அச்சமில்லை, 3ஐத் தாண்டினால் அந்த நீரை இச்செடிக்கு ஊற்றவே வேண்டாம்.

தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இரும்புக் குறைபாடு. கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருப்பதால் மண் காரத்தன்மை அடைந்து, இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாமல் போகிறது. அத்தகைய மண்ணில் ஆணியிலிருந்து கரையும் இரும்பும் வேருக்குக் கிட்டாது. கொடுக்கிலேற்றிய இரும்பு உரத்தை, அதாவது காரமண்ணிலும் வேருக்கு எட்டும் ‘கீலேட்’ வகை இரும்பு உரத்தைக் கரைத்து ஊற்றினால்தான் பயன் தெரியும்.

ஆகவே, அந்த மண்ணோடு போராடாமல் சாடிக்கு மாற்றுங்கள். 14 அங்குல விட்டமுள்ள மண்சாடி நல்லது. கறுப்புப் பிளாஸ்டிக் சாடி எமது வெயிலில் வேரை அவித்துவிடும். உள்ளூர்ச் செம்மண், மட்கிய எரு, தும்புத்தூள் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்தால் போதும். உப்புநீரில் ஊறவைத்த மட்டையின் தும்பாக இருக்கக்கூடும் என்பதால், தும்புத்தூளை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பின்பே சேர்க்க வேண்டும். சாடியை வீட்டின் கிழக்குப் பக்கத்தில் வையுங்கள்: காலை வெயில் ஐந்தாறு மணித்தியாலம் கிடைக்கும், பிற்பகல் வெயிலையும் கச்சானையும் வீடே மறித்துவிடும். வாடைக்காற்றில் கடலின் உப்புத்துளி அந்தப் பக்கம் வருமே என்று கேட்பீர்கள். அக்காலத்தில் மழையும் கூடவே வருவதால் பெரும்பாலும் அது கழுவுண்டு போகும், மழையில்லா நாளில் காலையில் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

கடலோரக் கன்று எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை மதிலோரம் குனிந்து பார்த்தபோது, செடியைச் சுற்றிய மணலில் மெல்லிய வெள்ளைப் படலம் இருப்பதைக் கண்டேன். இத்தனை நாளும் அதை எருவின் பூஞ்சணம் என்று எண்ணியிருந்தேன். இனிக் குழாய் நீரையே ஊற்றப் போகிறேன். இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. கச்சான் வீசும் இப்போதே செடியைப் பெயர்த்துச் சாடியில் வைக்கலாமா, மழை வரும்வரை காத்திருப்பதா? ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்குள் இருக்க வேண்டுமா, வெளியிலா?

பழைய போதனாசிரியர் எழுதியது:

இப்போது பெயர்க்க வேண்டாம், அம்மா. வெயிலில் வேர் அறுந்தால் செடி மீளாது. புரட்டாதி முடிவில் முதல் மழை விழுந்து மண் குளிர்ந்த பின், மாலை வேளையில், வேர்மண் உதிராமல் எடுத்து வையுங்கள். அதுவரை மேற்கே ஒரு கிடுகு மறைப்புக் கட்டி, வாரம் ஒரு முறை குழாய் நீரை வழக்கத்தைவிட இரு மடங்கு ஊற்றினால், சேர்ந்த உப்பு மணலில் கீழிறங்கிவிடும். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை தெரிய வேண்டும். அதை மண்ணில் புதைப்பது பனி உறையும் நாட்டவரின் வழக்கம். முடிச்சுக்குக் கீழிருந்து தளிர் கிளம்பினால் அது அடிக்கட்டையின் தளிர். அது ஊதாப் பூத் தராது, செடியின் பலத்தையும் தின்றுவிடும். கத்தியால் வெட்டினால் மறுபடி துளிர்க்கும், ஆகவே கிளம்பிய இடத்திலேயே பிடித்துக் கையால் பிய்த்தெடுத்துவிடுங்கள்.